பிரிக்கக் கூடாத பை

கோலியனூர் செல்வகுமாரைப் போல ஒரு சந்தேகப் பிராணியை விழுப்புரம் ஜங்ஷன் கார் ஸ்டாண்டு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. பெட்ரோல் பங்க்கில் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததா என்று வண்டியை விட்டு இறங்கிக் குனிந்து பார்ப்பான். பார்த்த பிறகும் டீசல் போடுகிறவன் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வான். டீக்கடையில் மீதி கொடுக்கிற பத்து ரூபாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கிழிசல் தேடுவான். மாமியார் வீட்டில் கறி ஆக்கிப் போட்டால்கூட, இன்றைக்கு எதற்கு இவ்வளவு கவனிப்பு என்று யோசித்துக்கொண்டேதான் மென்று முழுங்குவான். அப்பேர்ப்பட்ட ஆள், ஒரே ஒரு நாள், ஒரே ஒரு விஷயத்தில் சந்தேகப்படாமல் இருந்து தொலைத்தான்.

அன்றைக்கு அவன் காரில், டிரைவர் சீட்டுக்கு அடியில், ஒரு மஞ்சள் பையில் நாலு லட்சம் ரூபாய் இருந்தது.

அது ஒன்றும் திருட்டுப் பணம் இல்லை. அவனுடைய மனைவி கலைப்பிரியா திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து கோலியனூர் வாடகை வீட்டிலிருந்து பஸ் மாறிப் பஸ் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தாள். நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் நின்றபடியே தூங்கிக் கம்பியில் மண்டையை இடித்துக்கொண்டு வந்த ஒரு காலையில், "எனக்கு நகையே வேணாம், திண்டிவனத்துல ஒரு குந்துமணி எடம் வாங்கிக் குடு" என்று சொல்லிவிட்டாள். இரண்டரை சென்ட் மனை ஒன்றைத் துரைக்கண்ணு என்பவரிடம் பேசி முடித்தார்கள். விலை ஒன்பது லட்சம். பத்திரத்தில் காட்டப் போவது அரசாங்க மதிப்பான ஐந்து. அந்த ஐந்துக்கு பேங்க் லோன் ஆகிவிட்டது. மீதி நாலை ரொக்கமாகத் துரைக்கண்ணு கையில் வைத்தால்தான் அவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார். ஊரில் எல்லாரும் இப்படித்தான் இடம் வாங்குகிறார்கள். செல்வகுமார் புதிதாக ஒன்றையும் கண்டுபிடித்துவிடவில்லை. கலைப்பிரியாவின் ஆரமும் வளையலும் விழுப்புரம் கடைத்தெருவில் பணமாக மாறின. கொஞ்சம் சீட்டு எடுத்தார்கள். பை நிறைந்தது.

கெட்ட நேரம், தேர்தல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் வைத்திருந்தால் கணக்குக் காட்டு, காட்டாவிட்டால் கொடுத்துவிட்டுப் போ என்று ரோட்டுக்கு ரோடு பறக்கும் படை. இந்த நாலு லட்சத்துக்கு என்ன கணக்குக் காட்டுவது? மனைக்கு என்றால், பத்திரத்தில் ஐந்துதானே போட்டிருக்கிறது, அது பேங்க்கிலிருந்து வருகிறதே என்பார்கள். தேர்தல் முடியட்டும் என்று கேட்டுப் பார்த்ததற்குத் துரைக்கண்ணு, "வேற பார்ட்டி கையில துட்டோட நிக்கிறாம்பா, நாளைக்கு இல்லன்னா நான் அவனுக்கு முடிச்சுடுவேன்" என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

"எங்கிட்ட குடுங்க. சாப்பாட்டுக் கூடையில சோத்து டப்பாவுக்கு அடியில வெச்சு நான் எடுத்துக்கினு போறேன்" என்றாள் கலைப்பிரியா.

"பஸ்ஸுல ஏறி ஒவ்வொரு கூடையா தொறந்து பாக்குறாங்க. நீ மொதல்ல போயி ரிஜிஸ்டர் ஆபீசுல டோக்கன் போட்டுக்கினு நில்லு. நான் வண்டியில எடுத்துக்கினு வர்றேன்."

"நேரா வருவீங்க இல்ல? வண்டி கிளியனூர் பக்கம் திரும்பிடாதே?"

செல்வகுமாருக்குச் சுருக்கென்றது. கிளியனூரில் அவன் தங்கை தையல்நாயகி இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் கோழிப்பண்ணையில் நஷ்டப்பட்டு வந்து நின்றபோது, வீட்டுக்குத் தெரியாமல் தொண்ணூறாயிரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, வண்டி இன்ஜின் போச்சு என்று கலைப்பிரியாவிடம் பொய் சொன்னான். அவள் மெக்கானிக்கையே போய்க் கேட்டுவிட்டாள். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவனைச் சந்தேகப்பட வீட்டிலேயே ஒருத்தி தயாரானது அன்றைக்குத்தான்.

"சாமி சத்தியமா நேரா வர்றேன்" என்றான்.

காலையில் அவன் கிளம்பும் நேரத்தில் டிராவல்ஸ் ஏஜென்ட் கண்ணையன் போன் செய்தான். "செல்வா, ஜங்ஷன்ல ஒரு பார்ட்டி எறங்குது. திண்டிவனம் பைபாஸ்ல வுட்டா போதும். மூவாயிரம்."

திண்டிவனத்துக்கு மூவாயிரமா? செல்வகுமாரின் மூக்கு விடைத்தது. "யாரு பார்ட்டி?"

"எம்பசி ஆளுப்பா. வெள்ளக்காரரு. கவுன்சிலராம்."

"எந்த வார்டு?"

"அடச்சீ, வார்டு இல்லடா. வெளிநாட்டு கவுன்சிலரு, பெரிய போஸ்ட்டு. வர்றியா, வேற ஆளுக்குச் சொல்லட்டா?"

வேறொரு நாளாக இருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பான். அன்றைக்கு வேறு கணக்கு ஓடியது. பின்சீட்டில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தால் எந்தப் பறக்கும் படை டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விடப் போகிறது? சலாம் போட்டு அனுப்பிவிட மாட்டானா? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனான்.

திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ரயிலில் அந்த ஆள் இறங்கினார். அறுபது வயது இருக்கும். வெயிலில் சிவந்த கழுத்து, கசங்காத வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு சின்னத் தோல் பை. போர்ட்டர் தலையில் இரண்டு சாம்பல் நிறப் பெரிய பைகள். செல்வகுமாருக்கு உடனே ஒரு கேள்வி முளைத்தது. சென்னைக்குப் போகிற ரயிலில் வந்தவன், சென்னைக்கே டிக்கெட் எடுக்கிற வசதி உள்ளவன், விழுப்புரத்தில் எதற்கு இறங்க வேண்டும்? அதுவும் சென்னைக்கு இல்லாமல் திண்டிவனம் பைபாஸ் வரைக்கும் மட்டும் எதற்கு ஒரு கார்?

டிக்கியில் ஏற்றும்போது ஒரு பையைத் தூக்கிப் பார்த்தான். தோள்பட்டை இறங்கிவிட்டது. வாயில் தடித்த கயிறு கட்டி, அதன்மேல் ஈய முத்திரை வைத்திருந்தது. பக்கவாட்டில் ஜிப் வைத்த ஒரு பாக்கெட். அதில் மட்டும் முத்திரை இல்லை, காலியாகத் தொங்கியது.

"சார், தமிழ் தெரியுமா?"

"நோ தமிழ்" என்று கையை விரித்துச் சிரித்தார் அவர். "லிட்டில் இங்கிலீஷ்."

வண்டி விழுப்புரம் தாண்டவில்லை, செல்வகுமார் ஆரம்பித்துவிட்டான். "சார், பேக் வெரி வெயிட். உள்ள வாட்?"

"பேப்பர்ஸ்."

பேப்பருக்கா இந்தக் கனம்? எம்பசிக்காரர்கள் பை பையாக டாலர் கடத்துவதாக எப்போதோ வாட்ஸப்பில் வந்த ஒரு செய்தி அவன் மண்டையில் எரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் இருந்தவர் எதையோ எடுக்கத் தோல் பையைத் திறந்தார். கண்ணாடியில் செல்வகுமார் பார்த்தான். ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. ஊதா நிற நோட்டு. நம் ஊர் நோட்டு இல்லை. அதற்கு அடியில் இன்னொரு கட்டு. அவர் நிதானமாகப் பையை மூடிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். இரண்டு பேர் கண்ணும் ஒரு கணம் முட்டிக்கொண்டன.

தோல் பையிலேயே இவ்வளவு என்றால் டிக்கியில் எவ்வளவு?

"சார், செக்கிங் இருக்குது. போலீஸ். எலெக்‌ஷன். பேக் ஓப்பன் பண்ணுவான்."

அவர் பதறவே இல்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்வதைப் போல ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார். "போலீஸ், நோ ஓப்பன். கஸ்டம்ஸ், நோ ஓப்பன். மினிஸ்டர், நோ ஓப்பன். இன்டர்நேஷனல் லா." பிறகு சிரித்தார். "ஒன்லி மீ."

விக்கிரவாண்டி டோல்கேட் நெருங்கும்போது கலைப்பிரியா போன் செய்தாள். செல்வகுமார் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டான். பின்னால் இருப்பவருக்குத்தான் தமிழ் தெரியாதே.

"எங்க வர்றீங்க? துரைக்கண்ணு வந்துட்டாரு. மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு நிக்கிறாரு."

"விக்கிரவாண்டி வந்துட்டேன் கலை. ஒரு சவாரியோட வர்றேன்."

"இன்னிக்கி எதுக்குங்க சவாரி? பை பத்திரமா கீதா?"

"என் சீட்டுக்கு அடியிலதான் கீது. நாலும் அப்படியே கீது. நீ பேஜாரு ஆவாத. பின்னாடி ஒரு வெள்ளக்காரன் பரங்கிக்காய் மாதிரி குந்திக்கினு கீறான். அவனைப் பாத்தா எவனும் வண்டியத் தொட மாட்டான்."

"யாருங்க அவன்?"

"எம்பசிக்காரன்னு சொல்றான். எனக்கென்னமோ கள்ளப்பய மாதிரிதான் தெரியுது. டிக்கி பூரா துட்டு. ஆனா அவன் பைய எவனும் பிரிக்கக் கூடாதாம். சட்டமாம். நமக்கு எதுக்கு, எறக்கி வுட்டுட்டு வர்றேன்."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவரு கையில துட்டக் குடுக்கணும். மறந்துடாதீங்க" என்றாள் அவள்.

கண்ணாடியில் வெள்ளைக்காரர் வெளியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கூட்டேரிப்பட்டில் பாலத்துக்கு அடியில் வண்டிகள் தேங்கி நின்றன. செல்வகுமார் கழுத்தை நீட்டிப் பார்த்தான். தடுப்பு, போலீஸ், வீடியோ கேமராவைத் தோளில் வைத்த ஒருவன், நாற்காலியில் ஒரு பெண் அதிகாரி. சலாம் போட்டு அனுப்புகிற அறிகுறியே இல்லை. ஏசி காரையும் நிறுத்தினார்கள், கட்சிக் கொடி கட்டிய காரையும் நிறுத்தினார்கள். முன்னால் வேர்க்கடலை இறக்கிவிட்டு வந்த ஒரு மினி வேன். அதன் சொந்தக்காரர் வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மல்லாட்டை போட்ட காசுங்க மேடம். ஆளுங்களுக்குக் கூலி குடுக்கணுங்க."

"சீட்டு காட்டுங்க, குடுத்துடறோம். இல்லன்னா கலெக்டர் ஆபீஸ்ல வந்து வாங்கிக்குங்க."

டிரைவர் சீட்டைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறான் ஒரு போலீஸ்காரன். திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் லாரி. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடலாம் என்றால் அதைவிட முட்டாள்தனம் கிடையாது. கலைப்பிரியாவின் ஆரம் கண் முன்னால் வந்து நின்றது. அவள் அதைக் கழற்றிக் கொடுக்கும்போது அழவில்லை. ஒரு தரம் கண்ணாடியில் கழுத்தைப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அப்போது வெள்ளைக்காரருக்குப் போன் வந்தது. அவர் கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரப் புளியமரத்து நிழலுக்குப் போய், சரியாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேச ஆரம்பித்தார்.

போலீஸ், நோ ஓப்பன். கஸ்டம்ஸ், நோ ஓப்பன். மினிஸ்டர், நோ ஓப்பன்.

செல்வகுமாரின் மண்டைக்குள் பல்பு எரிந்தது. எரிந்து தொலைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். மஞ்சள் பையைத் துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டில் எடுக்கிறவன் மாதிரி டிக்கியைத் திறந்தான். முத்திரை இல்லாத அந்தப் பக்கவாட்டு ஜிப்பை இழுத்தான். எட்டுக் கட்டும் அதற்காகவே தைத்த மாதிரி போய் உட்கார்ந்தன. ஜிப்பை மூடி, ஒரு தட்டுத் தட்டி, டிக்கியைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடித்தான். தண்ணீர் இனித்தது. உலகத்திலேயே பத்திரமான லாக்கரில் பணத்தைப் போட்டுவிட்டோம், திண்டிவனத்தில் பையை இறக்கும்போது நாமேதானே டிக்கியைத் திறக்கப் போகிறோம், ஒரு கை விட்டால் தீர்ந்தது என்று நினைத்தான்.

எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவன், தன் சாமர்த்தியத்தைச் சந்தேகப்படவில்லை பாருங்கள்.

அவர்கள் முறை வந்தது. அந்தப் பெண் அதிகாரியின் பெயர் சித்ரா. மற்ற நாட்களில் வேளாண்மை ஆபீசில் வேலை. தேர்தலுக்காக வெயிலில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். நெற்றியில் வேர்வை வழிய வந்து டிக்கியைத் திறக்கச் சொன்னார். இரண்டு பைகளையும் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது இன்னா? தொறக்கச் சொல்லுப்பா."

வெள்ளைக்காரர் ஒரு அட்டையையும், முத்திரை குத்திய ஒரு காகிதத்தையும் நீட்டினார். "டிப்ளமேடிக் பேக், மேடம்." அதே சிரிப்பு.

சித்ரா விடவில்லை. பையைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், முத்திரையை விரலால் தடவினார். "உள்ள பணம்தான் கீது. எனக்கு நல்லாத் தெரியுது" என்று போலீஸ்காரனிடம் சொன்னார். யார் யாருக்கோ போன் செய்தார். மேலிடம் அதற்கு மேலிடத்தைக் கேட்டது. வண்டிகள் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. செல்வகுமாரின் போனில் கலைப்பிரியா மூன்று தரம் கூப்பிட்டு அடங்கினாள். கடைசியில் அதிகாரி போனைக் காதிலிருந்து எடுத்து, கசப்பு மாத்திரை முழுங்கியவர் மாதிரி சொன்னார்.

"பையைத் தொடக் கூடாதாம். மல்லாட்டைக்காரன் பையப் பிரிக்கலாம், இவரு பையப் பிரிக்கக் கூடாது. நல்லா கீதுய்யா சட்டம்!" அந்தக் கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் செல்வகுமார் பக்கம் திரும்பினார். "வண்டி உன்னுதுதானே? வண்டிய செக் பண்ண எவனும் தடுக்க முடியாது. சீட்டத் தூக்குங்கப்பா!"

தூக்கினார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு பழைய துடைக்கிற துணியும் இரண்டு எலுமிச்சம்பழமும் இருந்தன. டேஷ்போர்டைக் குடைந்தார்கள், ஸ்டெப்னியைக் கழற்றினார்கள்.

"ஏன்யா இப்டி வேர்க்குது உனக்கு?"

"வெயிலுங்க மேடம்."

"கேமராவப் பாத்துச் சொல்லு. இந்த வண்டியில உன் பணம் ஏதாவது இருக்குதா?"

செல்வகுமார் கேமராவை நேராகப் பார்த்தான். "என் பணம் பத்து பைசா இல்லைங்க மேடம். டீசல் போட்ட பில்லுதான் கீது."

"பேரு, ஊரு சொல்லு."

"செல்வகுமார். கோலியனூரு." அப்படி ஒரு தெளிவான குரலில் அவன் தாலி கட்டும்போதுகூடப் பேசியதில்லை.

போகலாம் என்று கையை ஆட்டினார் சித்ரா. டிக்கியை மூடப் போன செல்வகுமாரின் கையை வெள்ளைக்காரர் பிடித்தார். "நோ. ஹியர்." பின்சீட்டைக் காட்டினார். "வித் மீ. போலீஸ் வெரி டேஞ்சர்."

இரண்டு பைகளும் பின்சீட்டுக்குப் போயின. அவர் நடுவில் உட்கார்ந்து, பைக்கு ஒரு கையாக இரண்டின் மேலும் வைத்துக்கொண்டார். இடது கைக்கு நேர் கீழே அந்த ஜிப் இருந்தது.

கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனம் ஒன்றும் தூரம் இல்லை. அந்தத் தூரத்துக்குள் செல்வகுமார் செய்து பார்க்காத வித்தை இல்லை.

"சார், டீ?"

"நோ டீ."

"டாய்லெட்? குட் டாய்லெட் சார், வெரி க்ளீன்."

"நோ. கோ."

டயரில் காற்று இறங்கின மாதிரி இருக்கிறது என்று ஓரங்கட்டினான். இறங்கி உதைத்துப் பார்த்து, ஜாக்கி எடுக்க வேண்டும், சார் கொஞ்சம் இறங்கினால் நல்லது என்று சைகை காட்டினான். அவர் கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டி டயரைப் பார்த்தார். "குட் டயர்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பையின் மேலிருந்து கை எடுபடவில்லை. அந்தக் கை ஜிப்பின் மேல் மெல்ல ஒரு தரம் தடவியதா, இல்லை தன் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிந்ததா என்று செல்வகுமாருக்கு விளங்கவில்லை. புடைப்பு தெரிந்திருக்குமோ? தெரிந்தால் கேட்டிருப்பானே? கேட்காமல் இருக்கிறான் என்றால் தெரியவில்லையா, தெரிந்தும் கேட்கவில்லையா? மனசுக்குள் ஒன்று மாற்றி ஒன்று குத்திக்கொண்டே வந்தது. மயிலம் போகிற ரோட்டைக் கடந்தபோதே முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டிருந்தான். இப்போது காவடியையும் சேர்த்துக்கொண்டான்.

போன் அடித்தது. கலைப்பிரியா. இந்தத் தடவை ஸ்பீக்கர் போடவில்லை.

"ஏங்க, நம்ம டோக்கனுக்கு முன்னாடி ரெண்டு பேருதான் கீறாங்க. எங்கதான் போய்த் தொலைஞ்சீங்க?"

"வந்துட்டேன், வந்துட்டேன்."

"பை கீது இல்ல?"

அவன் கண்ணாடியைப் பார்த்தான். "கீது" என்றான்.

திண்டிவனம் பைபாஸில் பாலத்துக்குப் பக்கத்தில் எம்பசி வண்டிகளுக்கே உரிய நீல நம்பர் பிளேட் வைத்த ஒரு கறுப்புக் கார் நின்றிருந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. செல்வகுமார் நிறுத்தும் முன்பே அதன் டிரைவர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தான். செல்வகுமார் பாய்ந்து இறங்கினான்.

"நான் தூக்கறேன், நான் தூக்கறேன்!" என்று அந்தப் பையின் மேல் கையை வைத்தான்.

"டோன்ட் டச்" என்றார் வெள்ளைக்காரர். சத்தம் போடவில்லை. ஆனால் அந்த நீல பிளேட் டிரைவர் செல்வகுமாரின் மணிக்கட்டை அப்படியே கிடுக்கிப்பிடி போட்டுப் பிடித்துவிட்டான்.

இனிமேல் மறைத்து ஆகப் போவது ஒன்றுமில்லை. செல்வகுமார் இரண்டு கையையும் கூப்பிவிட்டான். "சார், மை மணி சார். சைடு பாக்கெட். ஐ புட். போலீஸ் பயம். ஃபோர் லேக்ஸ். ஒய்ஃப் ஜுவல்ஸ் சார். ப்ளீஸ், ஓப்பன் ஒன் மினிட்."

அவர் அவனை நிதானமாகப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. புருவம்கூட ஏறவில்லை.

"திஸ் பேக், மை கவர்ன்மென்ட்" என்றார். "எவ்ரிதிங் இன்சைட், மை கவர்ன்மென்ட். யூ புட் யுவர் மணி? நோ. இம்பாசிபிள். நோபடி கேன் ஓப்பன்." பிறகு கூட்டேரிப்பட்டு இருக்கிற திசையைக் கையால் காட்டினார். "யூ வான்ட், வீ கோ டு தட் மேடம். யூ டெல் ஹெர்."

சித்ராவிடம் போய் என்னவென்று சொல்வது? என் பணத்தை இவர் பையில் ஒளித்தேன் என்றா? என் பணம் பத்து பைசா இல்லை என்று பெயரும் ஊரும் சொல்லிக் கேமராவைப் பார்த்துப் பேசியது யார்? அதையும் மீறிச் சொன்னால், நாலு லட்சம் எதற்கு என்பார். மனைக்கு என்றால் பத்திரத்தைக் காட்டு என்பார். ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தான். எல்லாக் கதவையும் அவனே உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தான்.

"அடப்பாவி, வயித்துல அடிக்காதடா! உங்கிட்ட கோடி கோடியா கீதேடா!" என்று கத்தினான்.

பைகள் கறுப்புக் காருக்குள் போயின. டிக்கி மூடியது. வெள்ளைக்காரர் சட்டைப் பையிலிருந்து மூவாயிரத்தை எடுத்து, செல்வகுமாரின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து மூடினார். வாடகை, பேசினபடி, ஒரு ரூபாய் குறையவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைப் பாதி இறக்கினார். நல்ல, தெளிவான, நம் பக்கத்துத் தமிழில் சொன்னார்.

"கலை ரொம்ப நேரமா நிக்கிறாங்க இல்ல? ஜல்தியா போங்க."

கார் சென்னைப் பக்கம் போய் மறைந்தது. செல்வகுமார் ரோட்டிலேயே நின்றான். சீட்டுக்கு அடியில் என்று சொன்னது, நாலும் அப்படியே இருக்கிறது என்று சொன்னது, எவனும் பிரிக்கக் கூடாதாம் என்று சொன்னது, பரங்கிக்காய் என்று சொன்னது, எல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் திரும்பி விழுந்தன. புளியமரத்தடியில் அவ்வளவு நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு அவன் யாரிடம் பேசினான்? போன் மணி அடித்ததா என்றே இப்போது செல்வகுமாருக்கு ஞாபகம் இல்லை.

ரிஜிஸ்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் கலைப்பிரியா நின்றிருந்தாள். விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிற பச்சைப் புடவை. வெறும் கழுத்தில் மஞ்சள் கயிறு. துரைக்கண்ணு செருப்பைத் தேய்த்தபடி, "கூப்ட்டுட்டாங்கம்மா, கூப்ட்டுட்டாங்க" என்று குதித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அப்படியே அவன் கையைப் பார்த்தாள்.

"பை எங்க?"

அவளை ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னான். மினி வேன்காரரிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னான். சொல்லும்போதே அழுதான். வாழ்க்கையில் ஒரு பொய்யும் கலக்காமல் அவன் சொன்ன ஒரே கதை அதுதான். உள்ளேயிருந்து டோக்கன் நம்பரை இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். துரைக்கண்ணு போனை எடுத்து, "ஆங், நீ வாப்பா, இது நடக்காது போல கீது" என்று யாரிடமோ பேசிக்கொண்டே வெளியே நடந்தார்.

அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்ற கலைப்பிரியா மெதுவாகக் கேட்டாள். "அந்த வெள்ளக்காரன் என் பேரச் சொன்னானா?"

"ஆமா கலை."

"தமிழ்ல?"

"சத்தியமா கலை. நம்மள மாதிரியே பேசினான். எனக்கே நம்ப முடியல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பெட்ரோல் பங்க்கில் மீட்டரைப் பார்த்த பிறகும் அவன் பார்ப்பானே, அந்தப் பார்வை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நாலையுமா உங்க தங்கச்சிக்குக் குடுத்துட்டீங்க?"